உப்பும் உழைப்பும் குருதியமுக்கமும்

நம் நாட்டிலே, பட்டணத்திலும் சரி, கிராமத்திலும் சரி, ஒரு நம்பிக்கை நெடுங்காலமாக வேரூன்றிக் கிடக்கிறது. 'பிறஷர்' என்பது பணக்காரருக்கு வரும் வியாதி. நெய்யும் இறைச்சியும் உண்டு, உடம்பை அசைக்காது சாய்மனைக் கதிரையில் வாழ்பவர்க்கே அது உரியது. வெயிலில் மண்வெட்டி பிடிப்பவனையும் மலையில் கொழுந்து பறிப்பவளையும் அது அண்டாது என்பதே அந்நம்பிக்கை. நாற்பத்தைந்து வயதுக் கூலித் தொழிலாளி ஒருவன் ஒரு நாட் காலையில் கையும் காலும் வாயும் ஒரு பக்கம் இழுத்து விழுந்தால், அதைச் செய்வினை என்பாரும் விதி என்பாரும் உளர். அவனுடைய குருதியமுக்கத்தை எவரேனும் என்றாவது அளந்து பார்த்தனரா என்று கேட்பார் அரியர்.

உண்மை நிலை யாது? 2019ஆம் ஆண்டில் உலகெங்கும் 30 வயதுக்கும் 79 வயதுக்கும் இடைப்பட்டோருள் ஏறத்தாழ 128 கோடிப் பேர் உயர் குருதியமுக்கம் உடையோராய் இருந்தனர் என 2021இல் வெளியான உலகளாவிய கணக்கீடு கூறுகிறது. அவர்களுள் 100 கோடிக்கு மேற்பட்டோர் வறிய நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் வாழ்பவர்கள். தமக்கு அது இருப்பதை அறியாதோர் ஏறக்குறைய பாதிப் பேர். மருந்துண்டு அதனைக் கட்டுக்குள் வைத்திருப்போர் ஐவரில் ஒருவர்தாம். பணக்கார வியாதி என்னும் பெயர் இக்கணக்கின் முன் நிற்குமா?

ஆயினும் அப்பெயரை வெறும் பாமரரின் அறியாமை என்று தள்ளிவிடுதல் நேர்மையாகாது. அதனை மக்களிடம் விதைத்ததில் வைத்திய சாஸ்திரத்தின் சரித்திரத்துக்கும் பங்குண்டு. அளக்கும் கருவி முதலில் யாருடைய கையைச் சுற்றியதோ, அவரிடத்திலேயே நோயும் முதலிற் காணப்பட்டது. காணப்படாதவர்களிடம் நோய் இல்லை என்று கொள்ளப்பட்டது.

குருதி நாடியுள் அமுக்கத்துடன் ஓடுகின்றது என்பதை முதன்முதல் அளந்து காட்டியவர் ஒரு பாதிரியார். இங்கிலாந்தின் தெடிங்டன் கிராமத்தைச் சேர்ந்த ஸ்டீபன் ஹேல்ஸ் என்பார், ஒரு பெண் குதிரையைக் கட்டிக் கிடத்தி, அதன் தொடை நாடியிற் பித்தளைக் குழாயைச் செலுத்தி, அதனோடு நீண்ட கண்ணாடிக் குழாய் ஒன்றைப் பொருத்தினார். குருதி எட்டு அடிக்கு மேல் எழுந்து நின்றது. இந்தச் சோதனையை அவர் 1733இல் நூலாக வெளியிட்டார். இம்முறையை மனிதர்மேற் பிரயோகிக்க இயலாதன்றோ! அதற்கு மேலும் நூற்றறுபது ஆண்டுகள் செல்லவேண்டியிருந்தது. 1896இல் இத்தாலியின் தூரின் நகரில் ரிவா-ரொச்சி என்பவர் மேற்கையைச் சுற்றி இறப்பர்ப் பட்டியைக் கட்டி, காற்றடைத்து, இரசக் குழாயில் அளவு பார்க்கும் கருவியை அமைத்தார். ஆனால் அவரது முறை மேலெண்ணை மட்டுமே தரவல்லதாயிற்று. 1905இல், அதாவது ரஷ்யாவின் முதலாவது புரட்சி கொந்தளித்துக்கொண்டிருந்த அதே ஆண்டில், சென் பீற்றர்ஸ்பேர்க்கின் இராணுவ வைத்திய அக்கடமியைச் சேர்ந்த நிக்கலாய் கொரொட்கொவ் என்னும் இளம் சத்திரசிகிச்சை வைத்தியர், முழங்கை மடிப்பில் காதுக்குழாயை வைத்துக் கேட்டால் ஒலி தோன்றும் இடமும் மறையும் இடமும் இரு எண்களைத் தரும் என்று ஒரு பக்கத்துள் அடங்கும் சிறு குறிப்பாக அறிவித்தார். யுத்தத்திற் காயமுற்ற போர்வீரரின் நாடிகளுக்குச் சிகிச்சை செய்த அநுபவமே அவரை அதற்கு இட்டுச் சென்றது. இருதயம் சுருங்கும்போதுள்ள அமுக்கம் மேலெண். அது தளரும்போதுள்ள அமுக்கம் கீழெண். 120க்கு 80 என்று இன்று நாம் சொல்வதெல்லாம் அக்குறிப்பின் வழி வந்ததே. கொரொட்கொவ் 1920இற் காசநோயால் இறந்தார்.

கருவி கிடைத்ததும் அதனை ஆர்வத்தோடு தழுவிக்கொண்டவர் யார்? மருத்துவப் பேராசிரியர்கள் அல்லர். அமெரிக்க ஆயுட் காப்புறுதிக் கம்பனிகளே! யார் சீக்கிரம் சாவான், யாருக்குப் பத்திரம் விற்பது நட்டம் என்று அறிவது அவர்களுடைய வியாபாரத்துக்கு வேண்டியதாயிருந்தது. அமுக்கம் ஏற ஏற ஆயுள் குறைகிறது என்பதை இருபதாம் நூற்றாண்டின் முதற் காற்பகுதியிலேயே அவர்களுடைய கணக்கர்கள் ஐயமறக் கண்டுவிட்டனர். 1925இல் அக்கணக்கு அச்சிலும் வந்தது. மூலதனத்தின் இலாப வேட்கை சிற்சில வேளைகளில் உண்மையைக் கண்டு பிடித்துவிடுவதுண்டு. ஆனால் அந்த உண்மையைக் கொண்டு அது செய்வது வேறு. நோயாளியைக் காப்பாற்றுவதற்கன்று, அவனை வாசலில் நிறுத்துவதற்கே அவ்வெண் பயன்பட்டது. காப்புறுதிப் பத்திரம் வாங்க வசதியற்ற கோடானுகோடிப் பேர் அக்கணக்கில் இடம்பெறவேயில்லை.

வைத்தியர்களோ வேறொரு மயக்கத்தில் இருந்தனர். காரணம் தெரியாத உயர் அமுக்கத்துக்கு 1911இல் ஜெர்மானியரான எபர்ஹார்ட் பிராங்க் சூட்டிய பெயர், 'இன்றியமையாதது' என்றும் பொருள் தரக்கூடியதாய் அமைந்துவிட்டது. வயது ஏற நாடி தடிக்கிறது. தடித்த நாடியூடே குருதியைத் தள்ள அமுக்கம் ஏறுவது இயற்கை செய்துகொள்ளும் ஈடுகட்டல். அதனைக் குறைக்க முனைவது ஆபத்து என்று 1930களிற் புகழ்பெற்ற இருதய வைத்தியர்களே எழுதினர். ஒரு சொல்லின் பிழையான பொருள் எத்தனை உயிர்களைக் கொண்டது என்பதை மொழி பயிற்றும் ஆசிரிய நண்பர்கள் சிந்தித்துப் பார்க்கலாம்.

இம்மயக்கத்தின் விலையை மிக உயர்ந்த பீடத்தில் இருந்தவரே கொடுக்கவேண்டியதாயிற்று. அமெரிக்க ஜனாதிபதி பிராங்ளின் ரூஸ்வெல்ற்றின் குருதியமுக்கம் 1937இல் 162க்கு 98. 1940இல் 178க்கு 88. 1941 பெப்ரவரியில் 188க்கு 105. அவருடைய சொந்த வைத்தியர் காது, மூக்கு, தொண்டை நிபுணர். ஜனாதிபதி நலமாயிருக்கிறார், அவருடைய வயதுக்கு இது சாதாரணம் என்பதே அவர் நாட்டுக்குச் சொல்லிவந்தது. 1944 மார்ச்சில் ஹோவார்ட் புறுவன் என்னும் இளம் இருதய வைத்தியர் முதன்முறையாக அவரைச் சோதித்தபோது இருதயம் வீங்கி, சுவாசப்பையில் நீர் கோத்து, அமுக்கம் 186க்கு 108 ஆக இருந்தது. உப்பைக் குறைத்தல், சிகரெட்டைக் குறைத்தல், ஓய்வு, இருதயத்துக்கு டிஜிற்றாலிஸ், உறக்கத்துக்கு ஒரு மருந்து: புறுவன் கொடுக்கக்கூடியதாயிருந்தவை இவ்வளவுதான். அமுக்கத்தை உறுதியாகக் குறைக்கும் மருந்து உலகில் எவரிடத்தும் இல்லை. 1945 ஏப்ரில் 12ஆந் திகதி வார்ம் ஸ்பிறிங்ஸ் என்னும் ஊரில், தலையிற் கடும் வலி என்று சொல்லி ரூஸ்வெல்ற் சரிந்தார். அப்போது எடுத்த அளவு மேலெண் 300க்கு மேல், கீழெண் 190. வயது 63. எதிர்பாராத சாவு என்று சொந்த வைத்தியர் கூறினார்! புறுவனின் குறிப்புக்கள் 1970இலேதான் வெளியாயின. யால்ற்றா மாநாட்டு மேசையில் அவரோடு அமர்ந்து உலகின் வருங்காலத்தைப் பேசிய மற்ற இருவரையும் மூளை நாடியே கொண்டு சென்றது என்பதை இடையே குறிப்பிடலாம்: ஸ்டாலின் 1953இல், சேர்ச்சில் 1965இல்.

ரூஸ்வெல்ற் இறந்து மூன்று ஆண்டுகளின் பின், 1948இல், அமெரிக்க அரசாங்கம் இருதய நோய்க்கென ஒரு தேசிய நிறுவகத்தை ஏற்படுத்தியது. அதே ஆண்டில் மாசச்சூசெற்ஸ் மாநிலத்திலுள்ள பிரேமிங்ஹாம் என்னும் சிறு நகரில் ஓர் ஆய்வு தொடங்கியது. 5,209 ஆண்களையும் பெண்களையும் நோயற்றிருக்கும்போதே பதிந்து, ஈராண்டுக்கொருமுறை சோதித்து, யாருக்கு என்ன நேர்கிறது என்று காத்திருந்து பார்ப்பதே அதன் முறை. நோய் வந்தபின் காரணம் தேடும் பழக்கத்துக்கு இது முற்றிலும் மாறானது. அமுக்கம் ஏறியவர்க்கு மாரடைப்பும் பாரிசவாதமும் பன்மடங்கு அதிகம் என்பது வெளிப்பட்டது. முதியோர்க்கு அது சாதாரணம் என்ற கொள்கையும், பெண்களை அது தாக்காது என்ற கொள்கையும், கீழெண் மட்டுமே முக்கியம் என்ற கொள்கையும் ஒவ்வொன்றாக வீழ்ந்தன. 1961இல் அவ்வாய்வாளர் வெளியிட்ட கட்டுரையின் வழியாகவே 'ஆபத்துக் காரணிகள்' என்னும் தொடர் உலகெங்கும் பரவியது.

சிகிச்சை பயன் தரும் என்பதற்கு முதலாவது உறுதியான சான்று 1967இல் வந்தது. அமெரிக்காவின் முன்னாட் போர்வீரர் வைத்தியசாலைகளில், கீழெண் 115க்கும் 129க்கும் இடைப்பட்ட 143 ஆண்களுள் ஒரு பாதிக்கு மருந்தும் மறுபாதிக்கு வெறும் மாத்திரையும் கொடுக்கப்பட்டன. வெறும் மாத்திரை உண்டோருள் 27 பேருக்குக் கொடிய விளைவு நேர்ந்தது, மருந்துண்டோருள் இருவருக்கே. அம்மருந்துகளில் ஒன்றான ரெசர்ப்பின், நம் சித்த, ஆயுர்வேத வைத்தியர்கள் தலைமுறைகளாக அறிந்திருந்த சர்ப்பகந்தி வேரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. பம்பாய் வைத்தியர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் அவ்வேரின் பயனைப் பிரித்தானிய இருதய சஞ்சிகையில் எழுதியபின், 1952இற் சுவிற்சர்லாந்துக் கம்பனி ஒன்று அதன் சாரத்தைப் பிரித்து உலகச் சந்தையில் விற்றது. வேர் கீழைத்தேயத்தது, விலை மேலைத்தேயத்தது. இன்று அதனினும் நல்ல மருந்துகள் பல உள. அவற்றிற் பெரும்பாலானவற்றின் உரிமைக் காலம் கழிந்துவிட்டமையால் மலிவாகவும் கிடைக்கின்றன.

இனி நமது விஷயத்துக்கு வருவோம். பிரேமிங்ஹாம் ஆய்வின் பெருமையைக் குறைப்பது நம் நோக்கமன்று. ஆயினும் அது எடுத்துக்கொண்டது பெரும்பாலும் வெள்ளையர் வாழ்ந்த, ஓரளவு வசதி படைத்த ஒரு நகரம். அதன் கணக்கில் முதலிடம் பெற்றவை உடலிலே அளக்கக்கூடியவையும் தனிமனிதப் பழக்கங்களுமே: அமுக்கம், கொலஸ்திரோல், நிறை, புகைத்தல். இவை உண்மையான காரணிகளே, ஐயமில்லை. ஆனால் அப்பட்டியல் வைத்தியசாலைச் சுவருக்கு வந்து சேர்ந்தபோது அதன் தொனி மாறியது. உப்பைக் குறை, நிறையைக் குறை, மதுவை விடு, புகையை விடு, நட, கவலைப்படாதே என்று தனிமனிதனை நோக்கிக் கைநீட்டும் கட்டளையாயிற்று. நோயுற்றவன் தன் குற்றத்தால் நோயுற்றவன் ஆனான். அந்த மனிதன் ஏன் உப்பைத் தின்கிறான் என்று எவரும் கேட்கவில்லை.

அதைக் கேட்டவர்கள் உளர். அவர்களைக் காண நாம் யப்பானின் மலைக்கிராமங்களுக்குச் செல்லவேண்டும். 1951 முதல் 1980 வரை யப்பானியரை அதிகமாகக் கொன்ற நோய் பாரிசவாதமே. அதிலும் வடகிழக்கிலுள்ள அக்கித்தா போன்ற மாகாணங்களிற் கமக்காரர் நடுவயதிலேயே வீழ்ந்தனர். இவர்கள் கொழுத்தவர்களல்லர், இறைச்சி உண்டவர்களுமல்லர், நாளெல்லாம் வயலில் முதுகு வளைந்தவர்கள். பணக்கார வியாதிக் கொள்கை இங்கே முழுவதும் தோற்றது. அமெரிக்க ஆய்வாளர் லூயிஸ் டால் 1960இல் வெளியிட்ட ஒப்பீட்டின்படி அப்பகுதியினர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 26 கிராம் உப்பு உண்டனர். இன்று உலகச் சுகாதார நிறுவனம் கூறும் எல்லை 5 கிராமிலும் குறைவு. டாலின் கணக்கிற் குறைகள் இருந்தன என்பது பிற்காலத்தார் கருத்து. அதனைப் பின்னர் பார்ப்போம்.

ஏன் இவ்வளவு உப்பு? மாதக் கணக்கிற் பனி மூடும் நாட்டிலே, மரக்கறியையும் மீனையும் உப்பிலிட்டே மாரி காலத்தைக் கடத்தவேண்டும். அவரைப் புளிப்பில் செய்த மிசோச் சாறும் உப்பு ஊறுகாயும் தவிர வேறு கறி இல்லை. கடும் உழைப்புக்கு வேண்டிய சோற்றை நிறைய உண்ணவேண்டும். அவ்வளவு சோற்றை உள்ளே தள்ளுவதற்கு நாக்கில் உறைப்பாக ஏதேனும் வேண்டும். வறியவனுக்கு உப்பே கறி. பச்சை மிளகாயும் உப்பும் கடித்துப் பழஞ்சோறு உண்டவர்களையும், ஒரு துண்டுக் கருவாட்டோடு ஒரு கோப்பைச் சோற்றை முடித்தவர்களையும் அறிந்த நமக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. மிகுந்த உப்பைச் சிறுநீரகம் முழுவதும் வெளியேற்ற இயலாதபோது உடலில் நீர் தங்குகிறது, குருதியின் கனவளவு கூடுகிறது, நாளடைவில் நாடிகள் இறுகுகின்றன. அக்கித்தாவுக்கு வடக்கேயுள்ள அவோமோரியில் அப்பிள் பயிரிட்டு அப்பிள் உண்ட கிராமத்தவரிடம் அமுக்கம் குறைந்திருந்ததை ஹிரோசாக்கிப் பல்கலைக்கழகத்தின் சசாக்கி நவொசுக்கே 1950களிற் கண்டார். பழத்திலுள்ள பொட்டாசியம் உப்பின் தீமையைத் தணிக்கிறது என்பது இப்போது எல்லாரும் ஒப்புக்கொண்ட உண்மை.

நகானோ மாகாணத்துச் சாகு வைத்தியசாலைக்கு 1945இல் வக்காத்சுக்கி தொஷிக்காசு என்னும் வைத்தியர் வந்து சேர்ந்தார். மாணவப் பருவத்திலேயே இடதுசாரி இயக்கத்தில் ஈடுபட்டவர். தொழிற்சாலை விபத்துக்களை ஆராய்ந்ததன் பேறாக, இராணுவ ஆட்சியின் கீழ் 1944இற் சிறை வைக்கப்பட்டவர். கமக்காரர் சங்கம் நடத்திய அச்சிறு வைத்தியசாலையில் அவர் கண்டது ஒன்றே: நோயாளர்கள் மிகவும் பிந்தியே வந்தனர். சோம்பலினாலன்று. பொறுத்துக்கொள்வதே கமக்காரனின் கடமை என்று அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. வைத்தியச் செலவும் அச்சுறுத்திற்று. காத்திருந்து பயனில்லை என்று வக்காத்சுக்கியும் தோழரும் தாமே கிராமங்களுக்குச் சென்றனர். பகலில் வைத்தியம், இரவில் நாடகம். விரிவுரையைக் கேட்க வராத மக்கள் நாடகம் பார்க்கத் திரண்டனர். நாடகத்தை எழுதியவரும் வைத்தியரே. (கலை கலைக்காகவே என்று வாதிடும் நம் நண்பர்கள் இதைக் கவனிப்பார்களாக.) 1959இல் யாச்சிஹோ கிராமம் முழுவதற்கும் ஆண்டுதோறும் உடற்சோதனை தொடங்கியது. ஒவ்வொருவருக்கும் ஒரு சுகாதாரக் குறிப்பேடு கொடுக்கப்பட்டது. தம் எண் தமக்கே தெரியவேண்டும் என்பது அதன் கருத்து. காப்புறுதிக் கம்பனியின் பேரேட்டிலிருந்த எண், உழவனுடைய சட்டைப் பைக்கு வந்தது.

அக்கித்தாவின் இக்காவாவிலும் 1963 முதல் இவ்வகைப் பணி நடைபெற்றது. இயக்கம் முழு அளவில் நடந்த பகுதியிலே ஆண்களிடம் பாரிசவாதம் அயற்பகுதியைவிட விரைவாகக் குறைந்தது. இதற்கிடையில் 1961இல் யப்பான் முழுவதற்கும் வைத்தியக் காப்பு விரிந்தது. குளிரூட்டிப் பெட்டி வீடுகளுக்கு வர, உப்பிலிடவேண்டிய தேவையும் தளர்ந்தது. நகானோவில் 1980களில் மாகாணம் தழுவிய உப்புக் குறைப்பு இயக்கம் எழுந்தது. அதனை முன்னெடுத்தவர்கள் கிராமத்துப் பெண்களே. வீடு வீடாகச் சென்று மிசோச் சாற்றின் உப்பை மானியால் அளந்து, அயலாருக்குச் சொன்னார்கள். 1990இல் யப்பானிலேயே ஆண்களின் ஆயுள் மிக நீண்ட மாகாணம் என்னும் இடத்தை நகானோ அடைந்தது. இதனை மருந்தின் வெற்றி என்பதா, நாடகத்தின் வெற்றி என்பதா, குளிரூட்டிப் பெட்டியின் வெற்றி என்பதா? மூன்றும் பிரிக்கமுடியாதபடி பின்னிக் கிடக்கின்றன என்பதே நம் கருத்து.

இது யப்பானுக்கு மட்டும் உரிய செய்தியன்று. டாலின் கணக்கின் குறைகளை நீக்க முயன்ற பேராய்வு ஒன்று, 32 நாடுகளில் 52 இடங்களைச் சேர்ந்த பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரை அளந்து 1988இல் வெளியானது. பிரேசில் காட்டில் உப்பே அறியாத யனொமாமி மக்களிடம் வயது ஏறியும் அமுக்கம் ஏறவில்லை. ஆகவே, வயதானால் ஏறத்தான் செய்யும் என்பது மனித இயற்கை அன்று. இனத்தின் மேற் பழி போடுவோரும் உளர். கறுப்பின மக்களின் குருதியிலேயே இந்நோய் கலந்திருக்கிறது என்று அமெரிக்காவில் நெடுநாட் பேசப்பட்டது. ரிச்சர்ட் கூப்பரும் அவர்தம் குழுவினரும் 1997இல் வெளியிட்ட ஆய்வு அதற்குத் தக்க விடையளித்தது. ஒரே மூதாதையர் வழிவந்தோருள், மேற்கு ஆபிரிக்காவில் நூற்றுக்கு 16 பேருக்கும், கரீபியன் தீவுகளில் 26 பேருக்கும், அமெரிக்காவில் 33 பேருக்கும் உயர் அமுக்கம் இருந்தது. அடிமைக் கப்பல்கள் சென்ற வழியே அந்த எண்ணும் ஏறிச் செல்கிறது! குருதி ஒன்றே, வாழ்வுதான் வேறு.

லண்டனில் 1967இல் தொடங்கிய ஓர் ஆய்வு அரசாங்க உத்தியோகத்தர் பதினேழாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்களைத் தொடர்ந்தது. எல்லாரும் ஒரே நகரத்தார். எவரும் பட்டினி கிடந்தவரல்லர். ஆயினும் அடிமட்டத்துப் பியோன் முதலானோர் இருதய நோயால் இறந்த விகிதம் உச்சத்து நிர்வாகிகளின் விகிதத்தைப்போல மூன்றரை மடங்குக்கு மேற்பட்டிருந்தது. புகைத்தல், அமுக்கம், கொலஸ்திரோல் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தாலும் இடைவெளியின் பெரும்பகுதி எஞ்சியே நின்றது. அந்த ஆய்வில் ஈடுபட்ட ஜெஃப்ரி ரோஸ் 1985இல் ஒரு கேள்வியை எழுப்பினார். இந்த மனிதனுக்கு ஏன் அமுக்கம் ஏறியது என்று கேட்பது ஒன்று. இந்தச் சமுதாயம் முழுவதற்கும் ஏன் ஏறியது என்று கேட்பது வேறொன்று. லண்டன் இலிகிதரையும் கென்யாவின் நாடோடி மேய்ப்பரையும் ஒப்பிட்டால், வேறுபடுவது ஒருசில நோயாளர் மட்டுமன்று, கூட்டம் முழுவதுமே என்று அவர் காட்டினார். சீனாவின் 600 கிராமங்களில், சாதாரண உப்புக்குப் பதிலாகப் பொட்டாசியம் கலந்த உப்பை வழங்கிய சோதனை 2021இல் முடிவு கண்டது. பாரிசவாதம் நூற்றுக்கு 14 பங்கு குறைந்தது. எவரையும் கடிந்துகொள்ளாமல், உப்புப் போத்தலையே மாற்றியதன் விளைவு அது.

நம் நாட்டின் நிலை என்ன? 2021இல் நடந்த தேசியக் கணக்கெடுப்பு, 18 முதல் 69 வயது வரையுள்ளோருள் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு உயர் குருதியமுக்கம் என்று காட்டியது. அரசாங்க வைத்தியசாலையில் அளப்பதற்கும் மருந்துக்கும் கட்டணமில்லை. இது நம் மக்கள் போராடிப் பெற்ற பெரும் பேறு. ஆனால் கிளினிக் நடைபெறுவது வேலை நாளின் காலையில். வரிசையில் நின்று சீட்டெடுத்து மருந்து வாங்கித் திரும்புவதற்குள் உச்சிப்பொழுது கழிந்துவிடும். நாட்கூலி பெறுபவளுக்கு அது ஒரு நாட் சம்பளம். தலையிடி இல்லை, நோவு இல்லை. வலியில்லாத ஒரு நோய்க்காக ஒரு நாட் கூலியை இழக்க எவள் துணிவாள்? இரண்டாம் மாதம் மருந்து முடிந்ததும் அவள் கொழுந்துக் கூடையோடு மலைக்கே போகிறாள். யாச்சிஹோவில் அளக்கும் கருவி கிராமத்துக்குச் சென்றது.